மக்கள் இல்லாப் பங்கு



இங்கிலாந்து என்றவுடன் இலண்டன் மாநகரும், தேம்ஸ் நதியும், வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயமுமே நம் நினைவுக்கு வருகின்றன. அங்குச் சென்று திரும்புவோர் நமக்குக் காட்டும் நிழற்படங்களும் அவையே. நாம் இங்கு எழுதப் புகுந்திருப்பதோ அந்நாட்டின் வடபகுதியிலுள்ள ஓர் ஊரைப் பற்றியது. ஊர் என்று சொல்வதும் பிழையே. ஏறத்தாழ 500 ஆண்டுகளாக அங்கு ஊர் இல்லை. கூரையற்ற கோவில் ஒன்று, குளம் ஒன்று, புல் மூடிய மேடுகள், அவற்றின்மேல் மேயும் மாடுகள், இவ்வளவே எஞ்சியிருப்பவை. எனினும் அந்நாட்டில் நாம் கண்ட இடங்களுள் இன்றுவரை நம் உள்ளத்தை விட்டு அகலாதது இந்த ஒன்றுதான்.

ஊரின் பெயர் வாரம் பெர்சி. இந்த 'வாரம்' ஏழு நாள் கொண்ட நம் வாரமுமன்று. குத்தகைக்காரன் நிலக்கிழாருக்கு அளக்கும் வாரமுமன்று. அது பழைய இடப்பெயர். பெர்சி என்பது அவ்வூரை ஆண்ட பிரபுக்களின் குடும்பப் பெயர். அருகிலேயே வேறொரு வாரமும் உண்டு. அங்கு மக்கள் இன்றும் வாழ்கின்றனர். எனவே ஒன்றை மற்றொன்றினின்று பிரித்தறியப் பிரபுவின் பெயரைச் சேர்த்தழைத்தனர். பிரபுவும் போனார், குடிகளும் போயினர். பெயர் மட்டும் நிலைத்தது.

யார்க் நகரிலிருந்து இரயிலேறி மால்டன் என்னும் சிற்றூரை அடைந்தோம். அப்பகுதியில் பணியாற்றும் குரு நண்பர் ஒருவர் தம் காரில் நம்மை அழைத்துச் சென்றார். யார்க்‌ஷயரின் கிழக்கே வோல்ட்ஸ் என்றழைக்கப்படும் வெண்சுண்ணாம்புக் குன்றுகள் அலையலையாகக் கிடக்கின்றன. குன்றின்மேல் காரை நிறுத்திவிட்டு, ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகப் பள்ளத்தாக்கை நோக்கி நடக்க வேண்டும். முந்திய இரவு மழை பெய்திருந்ததால் பாதை வழுக்கியது. நம் காலணிகளோ அதற்கேற்றவை அல்ல. நண்பரின் கைத்தடி இல்லாதிருந்தால் நாம் பள்ளத்தாக்கை விரைவாகவே அடைந்திருப்போம், நடந்து அல்ல!

இடையில் 1958-இல் மூடப்பட்ட பழைய இரயில் பாதையின் தடத்தைக் கடந்தோம். பிறகு ஒரு நீரோடை. அப்பால் சில பழைய பண்ணைக் கட்டடங்கள். அவற்றைத் தாண்டியதும் பாதிக் கோபுரத்தோடு நிற்கும் புனித மார்ட்டின் ஆலயம் கண்ணில் பட்டது. நுழைவுக் கட்டணம் இல்லை, காவலரும் இல்லை. தெரிவு மிக்க விளக்கப் பலகைகள் சில நிற்கின்றன. அவற்றைவிட நண்பரின் விளக்கமே நமக்கு உதவியது. அவர் இவ்வூரைப் பற்றிய நூல்களை விடாது படிப்பவர்.

"ஊர் எங்கே?" என்று கேட்டோம். அவர் கோவிலுக்கு மேற்கே உயர்ந்திருந்த மேட்டைக் காட்டினார். ஏறிப் பார்த்தோம். வெறும் புல்வெளி. நமக்குச் சற்று ஏமாற்றமாகவே இருந்தது. மாலை நெருங்கிச் சூரியன் சாயத் தொடங்கியதும் அந்தப் புல்வெளி மெல்லப் பேசத் தொடங்கிற்று! சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு மேட்டின் பக்கத்திலும் நிழல் விழுந்தது. இதோ தெரு, மக்களும் வண்டிகளும் நடந்து நடந்து தேய்ந்து பள்ளமான பாதை. இதோ வீட்டு மனைகள். மனைக்குப் பின்னால் கொல்லை. கொல்லைக்கு எல்லை வரப்பு. எதிரெதிராக இரு வரிசை வீடுகள் திட்டமிட்டு அமைக்கப்பட்டிருந்தமை தெளிவாயிற்று. பெரிய மேடுகள் சில பிரபுவின் மாளிகை இருந்த இடம். கைரேகை பார்ப்பவன் கையை வெளிச்சத்துக்குச் சாய்ப்பது போல, இவ்வூரைக் காணவும் வெளிச்சம் சாய வேண்டும் போலும்.

இத்தகைய மேடுகளை மக்கள் நெடுங்காலம் கண்டும் காணாதவராய் இருந்தனர். அவற்றைப் பொருட்படுத்தி நோக்கியவருள் முதன்மையானவர் மாரிஸ் பெரஸ்ஃபோர்டு என்னும் பொருளாதார வரலாற்று ஆசிரியர். லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர் 1948-இல் இவ்விடத்தைக் கண்டார். 1950-இல் மாணவர்களோடு மண்வெட்டியுடன் வந்தார். அவர் தொல்லியல் பயின்றவரல்லர். ஊர் எப்பொழுது அழிந்தது என்னும் ஒரே வினாவுக்கு விடை தேடியே அவர் தோண்டினார். சில ஆண்டுகளில் ஜான் ஹர்ஸ்ட் என்னும் தொல்லியலார் அவரோடு இணைந்தார். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் கோடையில் சில வாரங்கள் என 1990 வரை 40 ஆண்டுகள் அகழாய்வு நடந்தது. ஓர் ஊரின் பொருட்டு இருவர் தம் வாழ்நாளின் கோடைகளையெல்லாம் கொடுத்தனர் என்றால் மிகையன்று. ஆய்வின் முடிவுகள் 13 தொகுதிகளாக வெளிவந்தன. கடைசித் தொகுதி வந்தது 2012-இல். அதற்குள் ஹர்ஸ்ட் 2003-இலும், பெரஸ்ஃபோர்டு 2005-இலும் காலமாகிவிட்டனர்.

அகழ்ந்தவர்கள் கூலியாட்கள் அல்லர். பெரும்பாலும் தன்னார்வத்தோடு வந்தவர்கள். மாணவர், ஆசிரியர், குடும்பப் பெண்கள் எனப் பலதரத்தாரும் கூடாரமடித்துத் தங்கினர். குற்றம் புரிந்து சீர்திருத்த நிலையங்களில் இருந்த இளைஞர்களையும் பெரஸ்ஃபோர்டு அழைத்துவந்து தோண்டச் செய்தார். சமுதாயம் ஒதுக்கிய பிள்ளைகளின் கையில், சமுதாயம் மறந்த ஊரைத் தோண்டும் பணியை ஒப்படைத்த அந்தப் பேராசிரியர்மீது நமக்குத் தனி மதிப்பு உண்டாயிற்று.

முதலில் அவர்கள் சுவரைத் தேடிக் குறுகலான குழிகள் தோண்டிப் பார்த்தனர். ஏழைகளின் சுவர் எளிதில் அகப்படவில்லை. பின்னர் டென்மார்க் நாட்டு முறையைப் பின்பற்றி, ஒரு மனை முழுவதையும் புல்லை உரித்துத் திறந்து, கல் கல்லாகத் துடைத்துப் பார்த்தனர். அப்பொழுதுதான் வீடுகள் வெளிப்பட்டன. நீண்ட வீடு, நடுவே குறுக்கு வழி, ஒருபுறம் மனிதர், மறுபுறம் மாடுகள். இவற்றைக் கண்டவர்கள், தலைமுறைக்கு ஒருமுறை இடிந்து மீண்டும் கட்டப்பட்ட ஓட்டைக் குடிசைகள் இவை என்று முதலில் எழுதினர். 1980-களில் ஸ்டூவர்ட் ராத்மெல் என்னும் ஆய்வாளர் இதை மறுத்தார். வீட்டைத் தாங்கியது சுவரன்று. வளைந்த பெரிய மரச் சட்டங்களே கூரையைத் தாங்கின. சுவர் இடைவெளியை அடைத்த அடைப்பு மட்டுமே. ஆகவே அடைப்புச் சுவர் பலமுறை மாற்றப்பட்டதே தவிர வீடு நிலைத்தே நின்றது என்று காட்டினார். அவ்வீடுகளில் பூட்டுகளும் சாவிகளும் கிடைத்திருக்கின்றன. பூட்டி வைக்க ஏதேனும் இருந்தவன்தானே பூட்டு வாங்குவான்? ஏழை என்றால் குடிசை, குடிசை என்றால் ஓட்டை என்று கற்றவர் மனம் எவ்வளவு விரைவில் முடிவு கட்டிவிடுகிறது!

மேட்டிலிருந்து இறங்கிக் கோவில் முற்றத்துக்கு வந்தோம். கல்லறைத் தோட்டத்தின் ஒரு பகுதியையும் ஆய்வாளர்கள் அகழ்ந்திருக்கிறார்கள். 687 பேரின் எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. இதைக் கேட்டதும், குருவாகிய நம் மனம் சற்றுக் கூசிற்று என்பதை மறைப்பதற்கில்லை. செபித்து மண்ணில் வைத்தவர்களை எண்ணிட்டுப் பெட்டியில் வைப்பதா? நண்பர் வாதிடவில்லை. "அவர்கள் சொன்னதைக் கேளும்; பிறகு தீர்ப்பிடலாம்" என்றார்.

சைமன் மேஸ் என்னும் எலும்பியல் ஆய்வாளர் அவற்றைப் பல்லாண்டு ஆராய்ந்தார். அக்காலத்தில் அவ்வூரில் 14 வயதுச் சிறுவன் இன்றைய 10 வயதுச் சிறுவனின் உயரமே இருந்தான். ஆனால் கைக்குழந்தைகளின் வளர்ச்சி இன்றைய குழந்தைகளுக்கு ஏறத்தாழ இணையாக இருந்தது. காரணம் தாய்ப்பால். எலும்பிலுள்ள நைட்ரஜனின் தன்மையைக் கொண்டு, அன்னையர் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு தாய்ப்பால் ஊட்டினர் என்று கணித்திருக்கிறார்கள். பால் மறந்த பின்னரே பிள்ளைகளின் வளர்ச்சி தடைப்பட்டது. தாயின் கையில் இருந்தவரை குறையில்லை. உலகத்தின் கையில் விட்டபின் குறை வந்தது. ஒன்பது பேரின் எலும்புகளில் காசநோயின் தழும்பு காணப்பட்டது. மாடுகளோடு ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தவர்களாதலால், மாட்டிடமிருந்தே நோய் தொற்றியிருக்கும் என்று எதிர்பார்த்தனர். நோய்க்கிருமியின் மரபணுவைச் சோதித்தபோது அது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் வகையே எனத் தெரிந்தது. மற்றொருவர் நாற்பது வயதுள்ள ஆடவர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். மண்டையில் பலத்த அடிபட்டவர். யாரோ ஒருவர் அவருடைய தலைத்தோலை விலக்கி, உள்ளே அழுந்திய எலும்புத் துண்டுகளை எடுத்திருக்கிறார். மண்டை நன்றாக ஆறியிருக்கிறது. மனிதர் பிழைத்து வாழ்ந்தார். அந்த வைத்தியர் யாரோ!

இவற்றைக் கேட்டபின் நம் கூச்சம் முற்றும் நீங்கியது என்று சொல்லமாட்டோம்; ஆனால் பெருமளவு குறைந்தது. அந்தத் தாய்மாரைப் பற்றி வேறு எந்த ஏடும் நமக்குச் சொல்லியிராது.

எலும்புகள் அனைத்தும் கல்லறையில் கிடைத்தவை அல்ல. வீடுகளின் நடுவே ஒரு குழியிலிருந்து 137 எலும்புத் துண்டுகள் 1960-களில் எடுக்கப்பட்டிருந்தன. அவற்றை மேஸும் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தாரும் மறுபடி ஆராய்ந்து 2017-இல் முடிவை வெளியிட்டனர். குறைந்தது பத்துப் பேருடைய எலும்புகள் அவை. ஆண், பெண், குழந்தை எல்லாரும் உண்டு. இறந்தபின் அவர்களுடைய உடல் கத்தியால் வெட்டப்பட்டிருக்கிறது, நெருப்பில் எரிக்கப்பட்டிருக்கிறது. வெட்டுகள் பெரும்பாலும் தலை, கழுத்துப் பகுதிகளில். பஞ்சத்தில் மனிதர் மனிதரைத் தின்றனரோ என்றால், இறைச்சிக்காக வெட்டுவோர் வெட்டும் இடங்கள் அவை அல்ல. அயலூராரைப் பகைத்துச் செய்தனரோ என்றால், பற்களைச் சோதித்ததில் அவர்கள் அவ்வட்டாரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். எஞ்சிய விளக்கம் ஒன்றே பொருத்தமாகப்பட்டது. இறந்தவர் கல்லறையினின்று எழுந்து வந்து நோயும் சாவும் கொணர்வார் என்று மக்கள் அஞ்சினர். அவ்வச்சத்தால் தம் சொந்த ஊராரின் பிணத்தைத் தோண்டி வெட்டி எரித்தனர்.

திருமுழுக்குப் பெற்று, திருப்பலி கண்டு, உத்தரிக்கும் ஆன்மாக்களுக்காகச் செபித்த மக்கள் இதைச் செய்தனர் என்பதை எண்ணி நாம் சிறிது நேரம் பேசாது நின்றோம். கோவில் நிற்கும் இடத்துக்கும் அந்தக் குழிக்கும் தொலைவு அதிகமில்லை.

அப்பொழுது நண்பர் ஒரு செய்தி சொன்னார். இதே யார்க்‌ஷயரில், நியூபர்க் மடத்தில் 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வில்லியம் என்னும் துறவி, தம் வரலாற்று நூலில் இத்தகைய நிகழ்ச்சிகள் சிலவற்றை எழுதி வைத்திருக்கிறார். அவற்றுள் ஒன்று தென்னாட்டில், பக்கிங்ஹாம் பகுதியில் நடந்தது. இறந்த ஒருவன் இரவில் வந்து மனைவியையும் அயலாரையும் துன்புறுத்தியதாக ஊர் அஞ்சி நடுங்கியது. செய்தி லிங்கன் ஆயருக்கு எட்டியது. அவர் பெயர் ஹியூ. கார்த்தூசிய துறவியாய் இருந்து ஆயரானவர். பின்னர் 1220-இல் புனிதர் பட்டம் பெற்றவர். அருகிலிருந்தவர்கள், "இது பலமுறை நடந்ததே, பிணத்தைத் தோண்டி எரிப்பதே வழக்கம்" என்ற கருத்தில் ஆலோசனை கூறினர். ஆயருக்கு அது தகாததாகத் தோன்றிற்று. அவர் தம் கையாலேயே ஒரு பாவமன்னிப்பு மடல் எழுதினார். கல்லறையைத் திறந்து, இறந்தவனின் மார்பின்மேல் அம்மடலை வைத்து மூடச் செய்தார். அதன்பின் அவன் வரவில்லை என்று முடிக்கிறார் வில்லியம்.

அவன் வந்தானா இல்லையா என்னும் ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். மக்களின் அச்சம் பொய்யன்று. அந்த அச்சத்தின் கையில் கத்தியைக் கொடுப்பதா, மடலைக் கொடுப்பதா என்பதே அன்று ஆயரின் முன் நின்ற கேள்வி. வாரம் பெர்சி மக்களுக்கு அப்படி ஒரு மடல் எழுத ஆள் கிடைக்கவில்லை போலும்.

இனி, ஊர் அழிந்த கதைக்கு வருவோம். இவ்விடத்தைக் காண வருவோரில் பலர், கொள்ளைநோயால் அழிந்த ஊர் இது என்றே நினைத்து வருகின்றனர். நாமும் அவ்வாறே நினைத்திருந்தோம். 1348-49-இல் இங்கிலாந்தைத் தாக்கிய கொள்ளைநோய் அந்நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்கிற்குக் குறையாமல் வாரிச் சென்றது. வாரம் பெர்சியையும் அது விடவில்லை. ஊரின் பிரபு வால்ட்டர் ஹெஸ்லர்ட்டன் 1349-இல் இறந்தார். ஆனால் 1368-இல், அதாவது கொள்ளைநோய் வந்துபோய் ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்குப் பிறகும், அங்கே 30 வீடுகளில் குடும்பங்கள் வாழ்ந்தன. 1458-இல் வீடுகள் 16. நோய் ஊரை மெலிவித்ததேயன்றிக் கொல்லவில்லை.

கொன்றது வேறு. கொள்ளைநோய்க்குப் பின் உழைப்பாளர் குறைந்தனர், கூலி உயர்ந்தது, உண்போர் தொகை குறைந்ததால் தானியத்தின் விலை தாழ்ந்தது. கம்பளிக்கோ நல்ல விலை. உழுது பயிரிடப் பல குடும்பங்கள் வேண்டும். ஆடு மேய்க்க ஓர் இடையனும் ஒரு நாயும் போதும். நிலக்கிழார்கள் கணக்குப் பார்த்தனர். 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்சி குடும்பத்திடமிருந்து ஹில்ட்டன் குடும்பத்தின் கைக்கு மாறியிருந்தது இவ்வூர். ஏறத்தாழ 1500-ஆம் ஆண்டளவில் கடைசிக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. கர்தினால் உல்சி ஏற்படுத்திய விசாரணைக் குழு 1517-இல் இவ்வூரைப் பற்றிப் பதிவு செய்திருப்பது மிகச் சுருக்கமானது: ஹில்ட்டன் பிரபு நான்கு ஏர்களை நிறுத்திவிட்டார், நான்கு வீடுகளை அழியவிட்டார். அவ்வளவே. வீட்டுக்கு ஐவர் என்று கொண்டால் 20 பேர். அவர்கள் எங்குச் சென்றனர், என்ன ஆயினர் என்று கேட்பாரில்லை.

ஊரார் சிலர் பிரபு துரத்துவதற்கு முன்பே தாமாகவே நல்ல நிலம் தேடிப் போயிருக்கலாம் என்று இன்றைய வரலாற்று ஆசிரியர் சிலர் எடுத்துக்காட்டுகின்றனர். நியாயமே. கூலி உயர்ந்த காலத்தில் கெட்டிக்காரன் வாழ்வு தேடிப் போகத்தான் செய்வான். ஆனால் போக முடிந்தவன் போனபின் எஞ்சியிருப்பவர் யார்? முதியோர், விதவைகள், வேறு போக்கிடம் அற்றவர்கள். கடைசி நான்கு வீடுகள் யாருடையவை என்று நாம் ஊகிக்கலாம். பெரஸ்ஃபோர்டு 1954-இல் வெளியிட்ட நூலில், இங்கிலாந்தெங்கும் இவ்வாறு ஆடுகளுக்காக அழிந்த ஊர்களைப் பட்டியலிட்டுக் காட்டினார். பல்வேறு காரணங்களால் கைவிடப்பட்ட ஊர்கள் இன்று ஏறத்தாழ 3,000 அறியப்பட்டுள்ளன.

அக்காலத்திலேயே இக்கொடுமையைக் கண்டித்தவர் ஒருவர் உண்டு. அவர் நமக்கு அந்நியரல்லர். புனித தாமஸ் மூர். 1516-இல் வெளிவந்த 'உட்டோப்பியா' என்னும் நூலில், மேய்ச்சலுக்காகக் குடியானவர்களை வெளியேற்றும் பெருமக்களை அவர் கடுமையாகச் சாடியிருக்கிறார். வாரம் பெர்சியைப் பற்றிய விசாரணைக்கு ஓராண்டு முற்பட்டது அந்நூல். அவர் சாடியோரின் பட்டியலில் மடாதிபதிகளும் உண்டு என்பதைக் கூறாமல் விடுவது நேர்மையாகாது. அதற்கும் மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன்பே, தனிமை நாடி யார்க்‌ஷயருக்கு வந்த சிஸ்டர்சிய துறவியர், தம் மடத்தின் அமைதிக்காகவும் பண்ணைக்காகவும் சில சிற்றூர்களின் மக்களை இடம்பெயர்த்திருக்கின்றனர். ஆடு வளர்த்துக் கம்பளி விற்பதிலும் அவர்கள் கெட்டிக்காரர்கள். ஹில்ட்டன் பிரபுவின்மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டு நாம் கைகழுவ முடியாது.

நாம் இவ்வளவு நேரம் சொல்லாது வைத்திருந்தது கோவிலைப் பற்றி. அதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தில் பங்குகள்தோறும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டுமென்று கட்டளை பிறந்தது 1538-இல். திரிதெந்தின் பொதுச்சங்கம் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளை எங்கும் கட்டாயமாக்கியது 1563-இல். வாரம் பெர்சியின் மக்களோ அதற்கு முன்பே போய்விட்டனர். ஆதலால் அவர்களுக்குப் பதிவேடு இல்லை. பங்குப் பதிவேடுகளோடு பழகிய நமக்கு இது பெரிய வெறுமையாகத் தோன்றிற்று. ஆனால் கோவிலின் சுவரையே பதிவேடாகப் படிக்க முடியும் என்று நண்பர் காட்டினார்.

தரைக்கடியில் அகழ்ந்தபோது முதலில் தென்பட்டவை மரத்தூண்கள் நட்ட குழிகள். 10-ஆம் நூற்றாண்டின் சிறிய மரக்கோவில் அது. அதன்மேல் கற்கோவில் எழுந்தது. 1086-இல் வில்லியம் மன்னன் நாடு முழுவதும் எடுப்பித்த டூம்ஸ்டே கணக்கிலும் ஊரின் பெயர் வருகிறது. மக்கள் பெருகினர், கோவில் போதவில்லை. 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென்சுவரை வளைவுகளாகத் திறந்து ஒரு பக்கக் கூடம் கட்டினர். அதுவும் போதாமல் 13-ஆம் நூற்றாண்டில் வடபுறமும் ஒன்று. நாம் அந்தச் சுவரருகே சென்று பார்த்தோம். வளைவுகள் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் அவற்றின் நடுவே கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். மக்கள் குறைந்தபோது தென்கூடத்தை இடித்து வளைவை மூடினர். பிறகு வடகூடத்தையும் இடித்து அதையும் மூடினர். 17-ஆம் நூற்றாண்டில் பீடப்பகுதியையும் குறுக்கினர். விரிந்த கோவில் தன்னைத் தானே சுருக்கிக்கொண்டது. கல்லடைத்த அந்த வளைவில் கையை வைத்து நின்றபோது நமக்குச் சொல்ல இயலாத ஓர் உணர்வு உண்டாயிற்று. கோவிலைப் பெரிதாக்கப் பாடுபடும் குருக்களை நாம் அறிவோம். நாமும் அவ்வாறு பாடுபட்டவரே. வளைவை அடைக்கக் கல் சுமந்த குருவை நாம் அதற்குமுன் நினைத்துப் பார்த்ததில்லை.

ஊர் போனபின்னும் கோவில் ஏன் நின்றது என்னும் வியப்பு உங்களுக்கு எழலாம். அந்தப் பங்கில் வேறு சில சிற்றூர்களும் சேர்ந்திருந்தன. அவற்றுள் ஒன்று திக்சன்டேல். குன்றுகளுக்கிடையே பல மைல் நடந்து அவ்வூரார் ஞாயிறுதோறும் இங்கு வந்தனர். தம் இறந்தோரையும் இங்கேயே கொணர்ந்து அடக்கம் செய்தனர். சமயப் பிரிவினைக்குப் பின் கோவில் ஆங்கிலிக்கன் சபையாரிடம் சென்றது. ஆயினும் நடந்து வந்த கால்கள் அதே குடிகளின் கால்கள். ஊரில்லாத கோவிலுக்கு மூன்றரை நூற்றாண்டுக்கு மேல் அயலூர் மக்கள் நடந்தனர். 1870-இல் திக்சன்டேலிலேயே ஒரு கோவில் கட்டப்பட்டது. அதன்பின் இங்கு வருவோர் குறைந்தனர். 1949-இல் கடைசி வழிபாடு நடைபெற்றது. அடுத்த ஆண்டுதான் பெரஸ்ஃபோர்டு மண்வெட்டியோடு வந்தார். 1959-இல் கோபுரத்தின் ஒரு பாதி இடிந்து விழுந்தது.

திரும்புமுன் கூரையற்ற பீடப்பகுதியில் நின்று இறந்தோருக்காகத் திருப்பாடல் 130-ஐச் சொன்னோம். நண்பர் ஆங்கிலத்திலும் நாம் தமிழிலும் மாறிமாறிச் சொன்னோம். யாருடைய பெயரையேனும் சொல்லி மன்றாடலாம் என்று பார்த்தால், நமக்குத் தெரிந்த பெயர்கள் பெர்சி, ஹெஸ்லர்ட்டன், ஹில்ட்டன் ஆகிய பிரபுக்களின் பெயர்கள்தாம். ஆதலால் ஒன்றரை ஆண்டு பாலூட்டிய தாய்மாருக்காகவும், மண்டை உடைந்து பிழைத்தவருக்காகவும், குழியில் கிடந்த பத்துப் பேருக்காகவும், அவர்களை எரித்தவர்களுக்காகவும், அந்தக் கடைசி நான்கு வீட்டாருக்காகவும் வேண்டிக்கொண்டோம். ஹில்ட்டன் பிரபுவைச் சேர்ப்பதா என்று நண்பர் கேட்டார். சேர்த்துக்கொண்டோம்.

வழுக்குப் பாதையில் மறுபடியும் மேலேறிச் சாலையை அடைந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. சுற்றிலும் பார்த்தோம். ஆடுகள் ஒன்றிரண்டு சரிவுகளில் மட்டுமே தென்பட்டன. கண்ணுக்கெட்டிய தூரம்வரை கோதுமையும் வாற்கோதுமையும் பசுமையாய் நின்றன. கம்பளி விலை போய்த் தானிய விலை வந்தபோது, நிலக்கிழார்கள் குன்றுகளை மீண்டும் உழுதுவிட்டனர் என்றார் நண்பர். தொலைவில் ஒரு வயலில் டிராக்டர் ஒன்று விளக்கெரிய ஓடிக்கொண்டிருந்தது. அதை ஓட்டியவரைத் தவிர அந்தப் பரப்பு முழுவதிலும் வேறு ஒருவரும் நம் கண்ணில் படவில்லை.